நோலிட்னா கரையில் ஒரு துண்டு மீன்

பனியில் நாய்கள் வண்டி இழுக்கும் ஆயிரம் மைல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டுமானால், அதற்கு முன் சிறிய பந்தயங்கள் இரண்டையாவது ஓடி முடித்திருக்க வேண்டும். தெல்மா நிக்கலாய் ஒன்றை முடித்திருந்தார். இரண்டாவதற்காக நான்கு குளிர்காலம் போராடினார். ஒரு வருடம் பனி போதவில்லை என்று பந்தயப் பாதையை நகரத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நாய்களை விமானத்தில் ஏற்றி அனுப்ப அவருக்கு வசதியில்லை. அடுத்த வருடம் நாய்களுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் விடுப்பு தரவில்லை. நான்காவது வருடம் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

தெல்மா எங்கள் நோலிட்னா பள்ளிக்கூடத்தின் சமையற்காரர். நான் அங்கே பத்தொன்பது வருடமாகக் கணக்கு வாத்தியார். காலையில் அவர் சமையலறைக்குள் நுழையும்போதே நாய் வாசனையும் கூடவே வரும். நாற்பத்தேழு வயது. குட்டையான, அகன்ற உடம்பு. உறைபனியில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அந்தக் கையாலேயே அறுபது பிள்ளைகளுக்கு ரொட்டி மாவு பிசைவார். நாய்களுக்குச் சமையல்கட்டுச் சாமான்களின் பெயரையே வைத்திருந்தார். முன்னால் ஓடி வழிகாட்டும் தலைநாய் கெட்டில். அதற்குப் பின்னால் ஸ்பூன், பெப்பர், ஸ்டவ். பெயர் வைத்துக் களைத்துப்போனபோது பிறந்த ஒன்றுக்கு மிச்சம் என்று பெயர்.

நாய்கள் ஓடுவது மீனால். இருபது நாய் ஒரு குளிர்காலம் தாங்க ஆயிரம் மீனுக்குமேல் வேண்டும். ஆற்றோட்டத்தில் தானே சுழன்று மீனை அள்ளும் மரச்சக்கரம் ஒன்று தெல்மாவிடம் இருக்கிறது. அவருடைய அப்பா செய்தது. இலையுதிர் காலத்தில் ஏறிவரும் சால்மனை அள்ளி, பிளந்து, கழியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். அந்தச் சக்கரம் இப்போது கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆற்றில் சால்மன் குறைந்துவிட்டது, ஒருவரும் ஒரு மீனும் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்து நான்கு கோடை ஆயிற்று. நடுக்கடலில் வேறு மீன் பிடிக்கும் பெரிய கப்பல்களின் வலையில் சால்மனும் விழுகிறது. அதைச் செத்த மீனாகக் கடலிலேயே கொட்டுகிறார்கள். அவர்களுக்கு அதற்கு ஓர் அளவு வைத்து அனுமதி உண்டு. ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு அனுமதி இல்லை. இதை எங்கள் ஊருக்கு விளக்க ஒரு விஞ்ஞானி வந்தார். படம் போட்டுக் காட்டினார். மீன் குறைந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. குறைந்ததன் சுமையை யார் தலையில் வைப்பது என்பது விஞ்ஞானம் அல்ல, அது தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எடுத்த கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

மீன் நின்றதும் தெல்மா குட்டி போடவிடுவதை நிறுத்தினார். விமானத்தில் வரும் மூட்டைத் தீவனத்தில் இருக்கிற நாய்களைக் காப்பாற்றலாம். புதிதாக வளர்க்க முடியாது. ஆகவே அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அணியில் ஏழு வயதுக்குக் குறைந்த நாய் இரண்டே இரண்டு. அடுத்த வருடம் மற்றவை நீண்ட பந்தயம் ஓடா. இந்தமுறை இந்த நானூறு மைல் பந்தயத்தை முடித்தால் ஆயிரம் மைலுக்கு ஒரு சீட்டு கிடைக்கும். அதற்கு நகரத்து ஆள் ஒருவர் இளம் நாய்களைக் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்தமுறை முடிக்காவிட்டால் அதோடு சரி. தெல்மாவுக்கு இது தெரியும். ஊருக்கே தெரியும்.

அந்த வருடப் பாதை எங்கள் ஊர் வழியாகவே போட்டிருந்தது. இருநூற்று நாற்பதாவது மைலில், வண்டிகள் நின்று ஓய்வெடுக்கும் நோலிட்னா சாவடி. பள்ளிக்கூடம்தான் சாவடி. எல்லோரும் தெல்மாவுக்கு நல்ல காலம் என்றார்கள். அவருக்குத்தான் கிலி பிடித்தது.

முதல் காரணம் நாய்கள். தன் வீட்டு வாசலைக் கண்ட நாய்க்கு ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும், எழுப்பினாலும் எழாது. அதனால் அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் அணியை ஊருக்குள் ஓட்டி, தன் வீட்டைத் தாண்டி, இன்னும் பத்து மைல் போய்த் திரும்பினார். முதல் வாரம் கெட்டில் வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டு அசையவில்லை. தெல்மா வண்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி காத்திருந்தார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து நாய்க்குத்தான் அலுத்தது. நவம்பர் முடிவதற்குள் வீட்டைக் கடந்துபோவது நாய்களுக்குப் பழகிவிட்டது.

இரண்டாவது காரணம் மனிதர்கள். உறைந்த ஆற்றின்மேல் ஓடிவந்து கரையேறும் நாய் அணி எதுவானாலும், கரையில் நிற்பவர் முதலில் தலைநாய்க்கு ஒரு துண்டு மீன் கொடுப்பார். வாலோரத் துண்டை ஓட்டிவந்தவர் கையில் கொடுப்பார். அவர் அதை அங்கேயே நின்று தின்ன வேண்டும். பெயர் கேட்பதெல்லாம் அப்புறம். இது எங்கள் ஊரில் உள்ள வழக்கம். பந்தயத்தில் இதற்குத் தடை. வெளியார் உதவி கூடாது: பிறர் உன் நாய்க்கு உணவிடக் கூடாது, பனி அறுக்காமலிருக்கக் காலுறை மாட்டக் கூடாது, வாரைப் பிடிக்கக் கூடாது. சாவடியில்தான் தூங்க வேண்டும். தெல்மாவின் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு தப்படி. அவர் பள்ளி விளையாட்டுக்கூடத்துத் தரையில் படுக்க வேண்டும். தினமும் அவரே பற்றவைக்கும் பள்ளி அடுப்பில் தன் நாய்களுக்குத் தண்ணீர் சுடவைக்கக் கூடாது.

இந்த விதியை நான் வெறுக்கவில்லை. ஒரு காலத்தில் பணக்காரர்கள் பாதை நெடுகக் குடிசை போட்டு, கூலிக்கு ஆள் வைத்து, சுடச்சுடக் கறிக்கஞ்சியோடு காத்திருக்கச் செய்தார்கள். அதை நிறுத்தப் பிறந்த விதி. பிறந்த காரணம் நியாயமானது. அது இப்போது யாரைப் பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

தெல்மா அக்டோபரிலேயே கைப்பட எழுதி, கடையிலும் தபால் நிலையத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார். என் நாய்களுக்கு யாரும் எதுவும் கொடுக்காதீர்கள், தொடாதீர்கள், தயவுசெய்து. கடையில் அதைப் படித்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை.

"தொடக்கூடாது, சரி. மொறைச்சுப் பாக்கலாமா தெல்மா? அதுக்கும் விதி இருக்கா?"

"நீ மொறைச்சா என் நாய் பின்னால திரும்பி ஓடிரும். நீ வீட்டுக்குள்ளயே இரு" என்றார் தெல்மா.

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தெல்மாவின் சித்தப்பா சைலஸ் மட்டும் அன்று கடைக்கு வரவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா முந்தின வசந்தத்தில் இறந்துபோனார். அதிலிருந்து சைலஸ் அதிகம் வெளியே வருவதில்லை. எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை. அறிவிப்பைப் பற்றித் தெல்மா நேரிலேயே போய்ச் சொன்னார். கிழவர் தலையாட்டினார். தலையாட்டுவது எங்கள் ஊரில் கேட்டேன் என்பதற்கு, சரி என்பதற்கல்ல.

பந்தயம் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் ஓர் அடிக்குமேல் பனி கொட்டியிருந்தது. காலை ஒன்பதுக்கு முதலில் வந்தவர் ஹால்வர்சன், மூன்று முறை வென்றவர். அவருக்குக் கால் மைல் முன்னால் இரண்டு பனிமோட்டார் வண்டிகள் வந்தன. அவரைப் பற்றிப் படம் எடுக்கும் குழு. புதுப்பனியில் பனிமோட்டார் போனால் பாதை சிமெண்ட் தளம்போல இறுகிவிடும். பின்னால் வரும் நாய்க்கு வேலையே இல்லை. ஒரு மணி நேரத்தில் காற்று அந்தத் தடத்தை மூடிவிடும். அடுத்து வந்தவர்கள் வயிறளவு பனியில் நாய்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

சாவடியில் நேரம் குறிப்பது என் வேலை. தெல்மா ஏழாவதாக, பகல் ஒன்று நாற்பதுக்கு வந்தார். பன்னிரண்டு நாயோடு புறப்பட்டவர். களைத்த இரண்டை முந்தின சாவடியில் விட்டுப் பத்தோடு வந்தார். இருபத்தோரு பேரில் ஏழாவது. இமையில் பனி கட்டியிருந்தது. ஆளைப் பார்த்தால் பாதி செத்தவர் மாதிரி இருந்தார். நாய்கள் ஒவ்வொன்றும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஒருவரும் கிட்டே போகவில்லை. அறுபது எழுபது பேர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு அசையாமல் நின்ற அந்தக் காட்சியே எனக்குக் கோபத்தைத் தந்தது. சொந்தக்காரியை அப்படி வரவேற்க ஓர் ஊரைப் பழக்கியிருந்தோம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைலஸ் வந்தார். கையில் ஒரு காய்ந்த மீன். பெர்த்தா கடைசியாக அறுத்துக் காயவைத்த மீன்கட்டில் மிஞ்சிய ஒன்று. நான்கு வருடத்து மீன். அப்படி ஒன்று அவரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தெல்மா பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவர் நின்றிருப்பார். சொல்லவில்லை. குனிந்து கெட்டிலின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார், கண் சரியாகத் தெரியாதவர் கையைக் கடித்துவிடாதபடி. சைலஸ் மீனைக் கிழித்து நாய்க்குக் கொடுத்தார். வாலோரத் துண்டைத் தெல்மாவிடம் நீட்டினார். தெல்மா வாங்கி, அங்கேயே நின்று தின்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

பந்தய நடுவர் லோவெல் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஏட்டில் எழுதியது: வந்த நேரம் ஒன்று நாற்பது, நாய் பத்து. வேறொன்றும் எழுதவில்லை. அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

தெல்மா தன் கட்டாய இருபத்துநான்கு மணி நேர ஓய்வை நோலிட்னாவில்தான் எடுப்பதாக முன்பே திட்டமிட்டிருந்தார். அதன்படி மறுநாள் ஒன்று நாற்பதுக்குப் புறப்பட வேண்டும். மிச்சம் நூற்றறுபது மைல். பந்தயத்தை முடித்தால் போதும், எத்தனையாவது இடமானாலும் சரி.

சாயங்காலம் ஏழுக்கு லோவெல் தம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹால்வர்சனின் படக்குழுவில் ஒருவர் கரையில் நின்றிருக்கிறார். காலங்காலமாக வரும் ஆற்றங்கரை வரவேற்பு என்று தலைப்புப் போட்டு, சைலஸ் மீன் கொடுப்பதைப் பந்தயத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். பல ஆயிரம் பேர் பார்த்து உருகியிருந்தார்கள். எங்கோ ஆயிரம் மைலுக்கப்பால் உட்கார்ந்திருந்த ஒருவர், இது வெளியார் உதவி அல்லவா என்று எழுதிக் கேட்டிருந்தார். கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

லோவெல் கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பள்ளிச் சமையலறையில் மூவரும் நின்றோம்.

"நீங்க கேக்காம, நீங்க ஒத்துக்காம ஒருத்தர் குடுத்தா அது குத்தம் இல்ல தெல்மா. அப்படித்தான் நடந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கையோட முடிஞ்சிரும்."

"நான் வாங்கித் தின்னேனே."

"தடுக்கப் பாத்தேன்னு எழுதுங்க."

 ஹால்வர்சனுக்கு முன்னால் பனிமோட்டார் போய்ப் பாதை போட்டதே, அது எந்தக் கணக்கு என்று தெல்மா கேட்டார். அது படப்பிடிப்பு, பாதை போடுவது அதன் நோக்கம் அல்ல என்றார் லோவெல்.

"என் சித்தப்பாவுக்கும் பந்தயம் நோக்கம் இல்லியே" என்றார் தெல்மா.

லோவெல் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு விதியில் இடமில்லை என்றார். மறுநாள் பதினொன்றுக்குள் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெல்மா கையெழுத்துப் போட மறுத்தார். நான்தான் விடவில்லை. மறுநாள் காலை அவர் நாய்களின் கால்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று வாதாடினேன். விதி கோணலாக இருந்தால் அதற்கு நேர்மையாக நடக்க வேண்டிய கடமை இல்லை என்றேன். ஒரு தாளில் நாலு வரி. நாலு வருட உழைப்பு. செத்துப்போனவர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்றேன்.

"சித்திக்குத் தெரியாது வாத்தியாரே. அது எனக்கும் தெரியும். உயிரோட இருக்குறவருக்குத் தெரியுமே."

 அப்போது பார்த்து எங்கள் ஊர்த் திருச்சபை உதவியாளர் வந்து, இது ஆண்டவர் வைக்கும் சோதனை, பொறுமையாயிரு மகளே என்றார். என் கோபம் அவர்மேல் பாய்ந்தது. இந்தச் சோதனையை வைத்தவர்கள் சூடான அறையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் கொண்ட குழு, அவர்களுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் உண்டு, ஆண்டவர் அதில் உறுப்பினரா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. தெல்மா என்னை முறைத்தார். எனக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு நேரம் செலவானது.

பத்தரைக்குச் சைலஸே வந்தார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கிழவர் நாய்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார். நாய்களின் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை.

"எழுதிக் குடு புள்ள. கெழவனுக்குக் கண்ணு தெரியல, புத்தியும் கலங்கிப்போச்சு, சொன்னாக் கேக்க மாட்டான்னு எழுது. பாதி நெசந்தானே."

"எந்தப் பாதி?"

"அத நீயே வச்சுக்க. கையெழுத்து எங்க போடணும்? எனக்கு ஒரு கண்ணு தெரியுது, கோடு போட்டுக் காட்டு."

தெல்மா சிரிக்கவில்லை. உள்ளே வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: நான் கேட்கவில்லை, ஏற்கவில்லை, தடுக்க முயன்றேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்த வேண்டாம் என்றார். கையெழுத்துப் போட்டார். கீழே சைலஸ் போட்டார். பத்து ஐம்பதுக்கு லோவெல் அதைப் படம் பிடித்து அனுப்பினார்.

பிறகு காத்திருப்பு. பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. பதில் வரவில்லை. வேறு வழியில்லாமல் தெல்மா புறப்படும் வேலையைத் தொடங்கினார். நாய்க்கு நாலாகப் பத்து நாய்க்கு நாற்பது காலுறை. கையுறையைக் கழற்றினால்தான் மாட்ட முடியும். மைனஸ் முப்பதில் இரண்டு காலுக்கு மாட்டிவிட்டுக் கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். நுனி இல்லாத விரல்களுக்கு இன்னும் தாமதம். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உதவக் கூடாதே.

நாய்களுக்கு நேரம் தெரியும். ஒரு மணிக்கு எழுந்து நின்று ஊளையிட ஆரம்பித்தன. ஒன்றேகாலுக்கு வாரை இழுத்துக் குதித்தன. கெட்டில் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்து நின்றது. அக்டோபரிலிருந்து செய்த வேலை அத்தனையும் பலித்திருந்தது.

ஒன்று முப்பத்தைந்துக்கு லோவெல் வெளியே வந்தார். பந்தயக் குழு கடிதத்தைப் படித்தது, பிறகு வீடியோவையும் இன்னொரு முறை பார்த்தது. வீடியோவில் தெல்மா தடுக்கவில்லை. நாயைப் பிடித்துக்கொடுக்கிறார், தானும் தின்கிறார், முகத்தில் மகிழ்ச்சி. அதுபோக, உணவு கொடுக்காதீர்கள் என்று அவரே ஊரில் அறிவிப்பு ஒட்டியிருப்பதாகவும் தெரிகிறது. ஆகவே கொடுப்பார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தே நடந்தது. பந்தயத்திலிருந்து நீக்கம்.

"அந்த அறிவிப்ப நான் ஒட்டினதே குடுக்காதீங்கன்னு சொல்லத்தான்" என்றார் தெல்மா.

"தெரியும்."

"தெரிஞ்சா அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னேன் தெல்மா. மூணு தடவ சொன்னேன்."

"அப்ப என்னைய எதுக்குப் பொய் எழுத வச்சீங்க?"

அந்தக் கேள்வி லோவெலைப் பார்த்துக் கேட்கப்பட்டது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அந்த நாலு வரியை எழுதாமலே இருந்திருந்தால் தோல்வி வெறும் தோல்வியாக இருந்திருக்கும். இப்போது குழுவின் கோப்பில், மீனை ஏற்கவில்லை என்று தெல்மாவின் கையெழுத்து நிரந்தரமாக இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது என் பகுத்தறிவு. நியாயம் இல்லாத இடத்தில் தந்திரம் செல்லும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. தந்திரமும் ஆள் பார்த்துத்தான் செல்லுகிறது.

ஒன்று நாற்பது ஆயிற்று. எட்டாவதாக வந்தவர் தம் நேரத்துக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். தெல்மா நெஞ்சிலிருந்த பதினான்காம் எண் துணியை அவிழ்த்து லோவெலிடம் நீட்டினார். நாய்கள் விடாமல் கத்தின. பத்து நாய், பனியில் ஊன்றிய இரும்புக் கொக்கியையே பிடுங்கிவிடும்போல இழுத்தன. அவற்றுக்கு யாரும் எதையும் அறிவிக்க முடியாது. தெல்மா கெட்டிலின் முன்னால் மண்டியிட்டு முதல் காலுறையைக் கழற்றினார். நாய் காலை உதறியது; புரியவில்லை அதற்கு. அடுத்த காலைப் பிடித்தபோது அவர் விரல் மடங்கவில்லை. பல்லால் நாடாவைக் கடித்து இழுத்தார். துப்பினார்.

பிறகு தலையைத் தூக்கிக் கரை முழுக்கப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே ஊர் அப்படியே நின்றது. கைகள் சட்டைப்பைக்குள்.

"என்ன வேடிக்கை? இன்னும் முப்பத்தெட்டு இருக்கு. இப்ப யாரு வேணா தொடலாம், வாங்க."

ஒருவரும் உடனே அசையவில்லை. நானும்தான். நான்கு மாதம் எங்களைக் கட்டிப்போட்ட அறிவிப்பு அவ்வளவு சீக்கிரம் அவிழவில்லை. சைலஸ் கூட்டத்தின் பின்னால் நழுவி, வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"சித்தப்பா, நீங்க எங்க போறீங்க? ஸ்டவ் வேற யாரையும் கிட்டச் சேக்காது. வந்து புடிங்க."

கிழவர் திரும்பி வந்தார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். பின்னால் ஊரும் வந்தது.  காலுறைகளை எண்ணி ஒரு பையில் போட்டோம். நாற்பது இருந்தன, ஒன்றும் கிழியவில்லை. இன்னும் நூறு மைலாவது தாங்கியிருக்கும்.